பழம் பறிக்கும் கை பட்டமும் பெறட்டும்!

உழைக்கும் தமிழ்ப் பெருமக்களே!

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் தள்ளுவண்டியில் குவிந்து கிடக்கும் கருநிறப் பன்னீர் திராட்சை எங்கிருந்து வருகிறது? தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து, குமுளி மலையைக் கடந்து வருகிறது. பந்தலுக்கடியில் நாள் முழுவதும் அண்ணாந்து நின்று கவாத்து செய்தவர் யார்? கொத்துக் கொத்தாக வெட்டிப் பெட்டியில் அடுக்கியவர் யார்? லாரியிலிருந்து இறக்கித் தலையில் சுமந்தவர் யார்? உழைப்பு அத்தனையும் நம்மவருடையது. ஆனால் அந்தக் கொடியைப் பற்றிக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, தோட்ட மேலாளராகவும் ஆய்வுக்கூட அலுவலராகவும் போகிறவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணவும் ஆள் கிடைப்பது அரிது.

பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகளில் ஒருவர் "திராட்சை வளர்ப்பும் ஒயின் தயாரிப்பும் படிக்கப் போகிறேன்" என்றால் வீட்டில் என்ன நடக்கும்? "சாராயம் காய்ச்சவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று தாய் கேட்பாள். அந்தக் கேள்வியை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. கூலி வாங்கும் நாளில் மதுக்கடை வாசலில் காத்து நின்ற பெண்ணின் கேள்வி அது. தமிழ்நாட்டில் 1983-இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன் விளைவை அடுப்படியில் அனுபவித்தவர்கள் நம் தாய்மார்கள். அவர்களுக்கு நேர்மையான பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் பதில் இது: சாராயம் வேறு, ஒயின் வேறு. சாராயம் காய்ச்சி வடிக்கப்படுவது. ஒயின் பழச்சாற்றைப் புளிக்க வைத்து ஆக்கப்படுவது. இந்த மட்டாஞ்சேரியிலேயே 1568-இல் கட்டப்பட்ட யூதர் ஆலயம் நிற்கிறது. ஓய்வு நாள் இரவில் கிண்ணத்தில் திராட்சை ரசம் ஊற்றி வாழ்த்துச் சொல்வது அம்மக்களின் வழக்கம். திருப்பலிக்கு வேண்டிய ஒயினைக் கேரளத் திருச்சபைகள் அரசின் உரிமம் பெற்றுத் தாமே தயாரிக்கின்றன. ஆயினும் ஒயினிலும் போதை உண்டு. அதை மறைத்துப் பேசுவது நம் வேலையன்று.

இரண்டாவது பதில்: இந்தப் படிப்பில் பெரும்பகுதி குடியைப் பற்றியதல்ல, கொடியைப் பற்றியது. எந்த மண்ணுக்கு எந்த இரகம், எந்த மாதத்தில் கவாத்து, சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் என்ன மருந்து, பழத்தில் சர்க்கரையும் புளிப்பும் எப்போது சமநிலைக்கு வருகின்றன என்பவையே பாடம். நம் உழவர்கள் தெளிக்கும் போர்டோக் கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. ஒயினுக்குப் புகழ்பெற்ற பிரெஞ்சு நகரமான போர்டோவின் பெயரே அது. அங்கே 1880-களில் திராட்சையைக் காக்கக் கண்டறியப்பட்ட மருந்து இன்று கம்பத்துக் கொடிகளையும் காக்கிறது. அறிவுக்கு எல்லைக்கோடு இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? பழச்சாறு, உலர்திராட்சை, ஜாம், வினிகர் ஆகியவையும் இதே அறிவின் பிள்ளைகளே. மதுவிலக்கை மனமார ஆதரிப்பவரும் தயக்கமின்றிப் படிக்கக்கூடிய படிப்பு இது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டில் பரணி வைத்து ஒயின் போடுவது கேரள வழக்கம்தான். ஆனால் உரிமம் இல்லாமல் வீட்டில் தயாரிப்பதும் குற்றமே என்று 2019 டிசம்பரில் கலால் துறை அறிவித்தது. வழக்கு வந்தால் முதலில் மாட்டுகிறவன் வெளியூர்க்காரன் என்பதை நாம் அறிவோம். ஆகவே படிப்பு கல்லூரியில் இருக்கட்டும், வீட்டுப் பரணியில் வேண்டாம்.

சரி, வேலை கிடைக்குமா? உண்மையைச் சொல்வோம். இந்தியாவில் திராட்சைக்கும் ஒயினுக்கும் தலைநிலம் மராட்டியம். புனே அருகே மாஞ்சரியில் 1997-இல் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. நாசிக்கில் 1999-இல் சுலா நிறுவனம் தொடங்கியது. 2001-இல் மராட்டிய அரசு திராட்சை பதனிடும் தொழிலுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. ஆலைகள் பெருகின. ஆனால் 2008-இல் உலகப் பொருளாதார நெருக்கடியும் மும்பைத் தாக்குதலும் அடுத்தடுத்து வர, ஒயின் விற்பனை சரிந்தது. வாங்க ஆளின்றி ஒயின் திராட்சைக் கொடிகளை உழவர்கள் வேரோடு பிடுங்கினார்கள். ஒயினை மட்டும் நம்பிப் படிப்பவனுக்கு வாசல் குறுகியது. திராட்சையை, தோட்டக்கலையை முழுமையாகப் படித்தவனுக்கு உண்ணும் பழம், ஏற்றுமதி, பதனிடுதல், வேளாண் துறை என்று பல வாசல்கள் திறந்திருக்கும்.

ஆகவே நாம் சொல்லும் வழி இது: முதலில் கொடி, பிறகு கிண்ணம். பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. நான்காண்டு பி.எஸ்சி. தோட்டக்கலை. அதே மாவட்டத்து ஆனைமலையன்பட்டியில் அப்பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும் அந்தப் பள்ளத்தாக்கைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் எது? பட்டம் பெற்றபின் ஒயின் மீது ஆர்வம் நீடித்தால், மாஞ்சரியிலுள்ள வசந்த்தாதா சர்க்கரை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் ஒயின், மதுசாரத் தொழில்நுட்பத்தில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. கேரளத்திலும் காற்று மாறுகிறது. பழங்களிலிருந்து ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு 2022-இல் விதிகள் வந்தன. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகமே "நிளா" என்ற பெயரில் பழ ஒயின் உருவாக்கியுள்ளது. ஓட்டலில் எப்படிப் பரிமாறுவது என்று கற்றுத்தரும் குறுகிய காலச் சான்றிதழ்களுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி ஏமாற வேண்டாம். அது வேறு தொழில்.

இனித்தான் நம் பிள்ளைகளை வழிமறிக்கும் உண்மையான சுவருக்கு வருகிறோம். அது ஒழுக்கச் சுவரன்று, சான்றிதழ்ச் சுவர்!

தமிழ்நாட்டில் வேளாண் படிப்புகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும். கேரளத்திலோ நீட் எழுத வேண்டும். தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத நம் பிள்ளைக்குத் தமிழ்நாடே வழி. ஆனால் அங்கே அரசுப் பள்ளி மாணவர்க்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, 6-ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்க்கே. மட்டாஞ்சேரி அரசுப் பள்ளியில் படித்த தொழிலாளியின் மகள் அதில் சேரமாட்டாள். அவளுக்குக் கேரளத்திலாவது இடமுண்டா? தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர் என்ற தகுதி மாநிலம் விட்டு மாநிலம் பெயர்ந்தவருடன் கூடவே வராது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இங்கே அந்நியர், அங்கேயும் அந்நியர்! வயிற்றுப் பிழைப்புக்கு மலை தாண்டியது பெற்றோர், தண்டனை பிள்ளைகளுக்கா?

உலக வரலாற்றைப் பாருங்கள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் திராட்சைக் கல்வியைத் தொடங்க வேண்டுமென்று அம்மாநிலச் சட்டமன்றம் 1880-லேயே ஆணையிட்டது. ஆனால் அந்தக் கொடிகளில் பழம் பறித்த பிலிப்பைன்ஸ், மெக்சிகோ நாட்டுப் புலம்பெயர் தொழிலாளர்கள், நியாயக் கூலிக்காக 1965-இல் டெலானோ நகரில் வேலைநிறுத்தம் தொடங்கி, 1970 வரை ஐந்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஒரே கொடியின் கீழ் அறிவு ஒரு பக்கம், வியர்வை மறுபக்கம். அந்தப் பிரிவினை நம் பள்ளத்தாக்கிலும் நிலைக்க விடலாகாது.

எனவே நம் கோரிக்கை தெளிவானது. அண்டை மாநில அரசுப் பள்ளிகளில் படித்த தமிழ்நாட்டுத் தொழிலாளர் பிள்ளைகளையும் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தமிழ்நாடு அரசு சேர்க்க வேண்டும். பிறப்பிடச் சான்றுக்காகக் கூலியை இழந்து சொந்த ஊர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் நிலை மாற வேண்டும்.

அரசு அசையும்வரை நாம் சும்மா இருக்கலாமா? பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை அறிவியல் பிரிவில் சேருங்கள். சாதிச் சான்றையும் பிறப்பிடச் சான்றையும் பிளஸ் டூ முடியுமுன்பே வாங்கி வையுங்கள். வழி தெரியாத குடும்பத்துக்குத் தெரிந்த குடும்பம் துணை நிற்கட்டும். மகளோ மகனோ திராட்சை படிக்கிறேன் என்றால் திட்டாதீர்கள். எந்தக் கல்லூரி, எத்தனை ஆண்டு, என்ன செலவு என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளை நம் சங்கத்துக்கும் கொண்டு வாருங்கள். சேர்ந்து விடை தேடுவோம்.