மண்ணுக்குள் ஓர் அஞ்சறைப் பெட்டி

நம்முடைய பாட்டிமார் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதிய சென்னைப் பட்டணத்து அடுப்புகளில் எரிந்த விறகில் ஒரு பங்கு எங்கேயிருந்து வந்தது தெரியுமோ? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து! இன்று ராக்கெட் கிளம்புகிறதே, அதே தீவுதான். படகில் ஏற்றிப் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொண்டு வருவார்கள்.

பழவேற்காட்டுக்குப் போயிருந்தபோது இந்தச் சமாசாரம் நினைவுக்கு வந்தது. ஊர்ப் பெயரிலேயே காடு இருக்கிறது. ஆனால் கண்ணுக்குப் பட்டதெல்லாம் ஏரியும் மணலும் சவுக்குத் தோப்பும்தான். போதாக்குறைக்கு எங்கே பார்த்தாலும் வேலிக்காத்தான். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கோட்டையைக்கூடப் புதருக்குள்தான் தேட வேண்டியிருக்கிறது.

அங்கே ஒரு மீனவர் குப்பத்தில், அம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருத்தி முறையிட்டாள்: “கோயிலுக்குப் பின்னாடி களா, காரை, நாவல்னு அடர்த்தியா இருந்துச்சு, கண்ணு. பாதியை வேரோட தோண்டிட்டு மேடை போட்டாங்க. அப்புறம் பக்கத்து மண்ணுல வேலிக்காத்தானைத் தவிர ஒண்ணும் மொளைக்கல. மண்ணுக்கு என்ன கோவமோ!”

மண்ணுக்குக் கோபமில்லை. அதன் அஞ்சறைப் பெட்டி காலியாகிவிட்டது, அவ்வளவுதான்.

காட்டு மண்ணில் ஒரு பிடி அள்ளித் தட்டில் பரப்பித் தண்ணீர் தெளித்து வைத்தால் பலவகை முளைகள் கிளம்பும். தாவர சாஸ்திரிகள் மண்ணிலுள்ள விதைகளை இப்படித்தான் எண்ணுகிறார்கள். சில விதைகளின் பொறுமை அபாரம்! அமெரிக்காவில் மிச்சிகனில் பீல் என்ற பேராசிரியர் 1879-ல் களை விதைகளைப் பாட்டில்களில் போட்டுப் புதைத்தார். 2021-ல் ஒரு பாட்டிலைத் தோண்டியெடுத்து விதைத்தபோதும் சில முளைத்தன.

ஆனால் நாவல் கொட்டைக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஈரம் காய்ந்தால் சில வாரங்களில் உயிர் போய்விடும். வெயிலிலும் இலை உதிர்க்காத நம் கடற்கரைக் காட்டின் மரங்களில் பல இந்த ஜாதிதான். ஆகையால் அந்த மண்ணின் விதைச் செல்வம் பரம்பரைச் சொத்தல்ல, அன்றாடச் சம்பாத்தியம். சம்பாதித்துக் கொடுப்பவை மரமும் புதரும்.

எப்படி என்கிறீர்களா? உயர்ந்த பாலை மரத்திலும் நாவலிலும் வௌவாலும் மைனாவும் வந்து தங்கி, வேறெங்கோ தின்ற பழத்தின் விதைகளை அடியில் போடுகின்றன. களாப் புதரோ முள் வேலி மாதிரி. காற்றில் உருண்டு வரும் விதை அதில் சிக்கிக்கொள்ளும்; ஆடு வாயை வைக்காது; சருகு மூடி ஈரம் காக்கும். மரத்தடியில் ஒரு சரக்கு, புதரடியில் வேறொரு சரக்கு. வெட்டவெளி மணலில் இரண்டும் கிடையாது. காய்ந்த கிளைகளை நட்டுப் பறவைக்கு ஆசனம் போட்டும் பார்த்திருக்கிறார்கள். விதை விழுந்தது, நிழலில்லாமல் நாற்று கருகிப் போயிற்று!

வேலிக்காத்தான் விஷயம் வேறு. 1877 வாக்கில் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்துக் கடப்பைப் பக்கம் நட்டார்கள். ஆடு காயைத் தின்னும், விதை எருவோடு வெளியே வரும். தோல் கெட்டியானதால் ஆண்டுக்கணக்கில் மண்ணில் காத்திருக்கும். அதன் சருகின் சாரமோ பிற விதைகளை முளைக்கவிடாமல் தடுக்கிறது. வீடு காலியானதும் இப்படிப்பட்டவர் குடிவந்தால் கேட்க வேண்டுமா?

அப்படியானால் விறகுக்கு வெட்டிய ஸ்ரீஹரிகோட்டா எப்படிப் பிழைத்தது? வெட்டியவர்கள் அடிக்கட்டையை விட்டார்கள். இந்த மரங்கள் கட்டையிலிருந்தே துளிர்க்கக்கூடியவை. 1969-ல் ராக்கெட் தளத்துக்கு அத் தீவைத் தேர்ந்தெடுத்தபின் கோடரியும் ஓய்ந்தது. அங்கிருந்த குடிகள் வெளியேற நேர்ந்தது வேறு கதை; சின்னக் கதையும் அல்ல. குப்பத்துக் கோயிலிலோ கட்டையையும் விட்டுவைக்கவில்லை.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். ஆடித் திருவிழாவுக்குள் மேடையை இன்னும் பத்தடி நீட்டப்போகிறார்களாம். மிச்சமிருக்கும் புதரும் போய்விடும் என்றாள். சிறிது யோசித்துவிட்டு, “அந்தப் பொதரு மண்ணை மீன் கூடையில அள்ளி எங்க வூட்டுப் பின்னாடி கொட்டினா?” என்று கேட்டாள்.

“அள்ளுங்க பாட்டி. ஆழமா வேண்டாம், ரெண்டு விரற்கடை போதும், விதையெல்லாம் மேலேதான் இருக்கும். வெயிலிலே மட்டும் கொட்டிடாதீங்க.”

“பூவரச மரம் நிக்குது, கண்ணு. அதன் அடியில கொட்டறேன்” என்று எழுந்து, கூடை எடுக்கப் போனாள்.