சிறுவாச்சூர்ச் சந்தி

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் மற்றத் தெய்வங்களைப் போல் தினந்தோறும் தரிசனம் தருகிறவள் அல்ல. விசேஷ தினங்கள் நீங்கலாக, திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையுந்தான் அவளுடைய சந்நிதி திறந்திருப்பது வழக்கம். ஆகையால், ஒரு வாரத்து ஜனங்கள் அத்தனை பேரும் இரண்டு நாளில் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். மாவிளக்கு மாவு இடித்துக் கொண்டு வருகிறவர்கள், குழந்தைக்கு முடியிறக்க வருகிறவர்கள், குலதெய்வத்தைத் தேடிப் பட்டணத்திலிருந்து வருகிறவர்கள், இப்படியாகக் கூட்டத்துக்குக் குறைவில்லை. கோயில் இருப்பதோ பெரம்பலூருக்குத் தெற்கே, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஊரில். பஸ்ஸில் வருகிறவர் போகும்போது அந்தச் சாலையைக் கடக்காமல் தப்பித்தாலும், திரும்பும்போது கடந்துதான் ஆகவேண்டும். இரண்டில் ஒன்று நிச்சயம்.

2019-ஆம் வருஷத்துக் கோடையில் ஒரு திங்கட்கிழமை, என் அத்தையை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். அத்தைக்கு வயது எழுபத்தாறு. முழங்காலில் வாதம். தரிசனம் திவ்வியமாக நடந்தது. அதைப்பற்றி எழுத இந்தப் பகுதியில் இடமில்லை. திரும்பி வந்து நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றோமே, அங்கேதான் கதை ஆரம்பமாகிறது.

நாலு வழிச் சாலை. நடுவில் திட்டு, திட்டின் மேல் அரளிச் செடிகள் ஆள் உயரம் வளர்ந்து, சிவப்பும் வெள்ளையுமாய்ப் பூத்துக் குலுங்கின. சந்திக்கு நேராகத் திட்டில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் மக்காச்சோள மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்னே நாலைந்து மோட்டார் சைக்கிள்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பேர். எங்களைப் போல் கால்நடையாக நின்றவர்கள் முப்பது பேருக்குக் குறையாது. எதிரே ஒரு பஸ், சரியாக அந்த இடைவெளியின் வாயிலிலேயே நின்று, "ஏறு, ஏறு" என்று ஜனங்களை ஏற்றிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு அப்பால் என்ன வருகிறதென்று எங்களுக்குத் தெரியவில்லை. வருகிறவனுக்கு நாங்கள் இருப்பதும் தெரிந்திராது.

"ஏனப்பா, இத்தனை நேரம் அம்மனிடம் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா?" என்றாள் அத்தை.

"என்ன அத்தை?"

"இந்தச் சாலையைத் தாண்டி வீடு போய்ச் சேரவேண்டும் என்றுதான். மற்றதெல்லாம் அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம்."

அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன். பிறகு நின்ற நிலையிலேயே மனக்கணக்குப் போட்டுப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பக்கத்துச் சாலையின் அகலம் ஓரத்தையும் சேர்த்து எட்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். என் அத்தையைப் போன்றவர்கள் அதைத் தாண்டுவதற்கு ஏறக்குறையப் பத்து விநாடி ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அந்தப் பத்து விநாடியில் 220 மீட்டர் வந்துவிடும். அதாவது, அத்தை காலை எடுத்து வைக்கும்போது கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்த லாரி, அவள் கரையேறுமுன் தலைமேல் வந்து நிற்கும். இது ஒரு பாதிக்குத்தான். திட்டில் மூச்சு வாங்கிவிட்டு மறு பாதியையும் இதேபோல் தாண்டவேண்டும்.

"லாரிக்காரன் பிரேக் போடமாட்டானா?" என்று கேட்கலாம். போடுவான். நம் தேசத்தில் இந்திய சாலைக் காங்கிரஸ் என்று ஒரு சபை இருக்கிறது. (நேயர்கள் திடுக்கிட வேண்டாம், இந்தக் காங்கிரஸ் தேர்தலுக்கு நிற்பதில்லை. 1934-ஆம் வருஷத்திலிருந்து சாலைக் கணக்குப் பார்ப்பதே இதன் தொழில்.) 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி, சாரதி அபாயத்தைக் கண்டு காலை அழுத்தி நிற்பதற்கு 120 மீட்டர் வேண்டும் என்றும், 40 கிலோமீட்டர் வேகமானால் 45 மீட்டர் போதும் என்றும் அந்தச் சபை கணக்கிட்டிருக்கிறது. வேகம் பாதியானால் தூரம் பாதியாவதில்லை; பாதிக்கும் வெகுவாகக் கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் அந்த 120 மீட்டரும், சாரதி அபாயத்தைக் கண்ட பிறகல்லவா ஆரம்பமாகிறது? அரளிச் செடிக்கும் நிற்கும் பஸ்ஸுக்கும் நடுவிலிருந்து ஒரு குழந்தை வெளிப்பட்டால், அதைக் காண்பதற்கு அவனுக்கு 20 மீட்டர்கூட இராது. பிறகு அவனை வைது என்ன, அடித்து என்ன?

இங்கேதான் நம் ஜனங்களின் அபிப்பிராயத்தோடு எனக்குச் சிறிது பிணக்கு உண்டு. விபத்து நேர்ந்தவுடன் நாம் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று: "எல்லாம் அலட்சியம்!" எதிர்ப்புறமாக மோட்டார் சைக்கிளில் வருகிறானே, அவனுக்கு அறிவில்லை என்கிறோம். வாஸ்தவந்தான். ஆனால் அவனைக் கேட்டுப் பார்த்தால், "திட்டில் அடுத்த வழி வெகுதூரம் தள்ளி இருக்கிறது ஐயா, என் வயலோ அதோ தெரிகிறது" என்பான். தினம் நாலு முறை வயலுக்குப் போகிறவன் தினம் நாலு முறை சுற்றிக்கொண்டு போவானென்று எதிர்பார்த்துச் சாலை போடுவது, மனித சுபாவத்தை அறியாத காரியம். சாலை ஊருக்கு முன்பே வந்ததா, ஊர் சாலைக்கு முன்பே வந்ததா என்று யோசித்துப் பார்த்தாலே நியாயம் விளங்கிவிடும். இந்த வழியில் ரஞ்சன்குடிக் கோட்டையும் வாலிகண்டபுரமும் நாலு வழிச் சாலைக்கு எத்தனையோ தலைமுறை மூத்தவை.

அரியலூர்ப் பக்கத்துக் கஷ்டம் வேறு தினுசு. பல கோடி வருஷங்களுக்கு முன் அந்தப் பிரதேசம் கடலாயிருந்தது. அப்போது வாழ்ந்த நத்தைகளும் சங்குகளும் கல்லாகிக் கிடப்பதை வாரணவாசியிலுள்ள காட்சிசாலையில் பார்க்கலாம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்தான் இன்று சிமெண்டாகிறது. அதைச் சுரங்கத்திலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து ஊர்களுக்கும் சுமந்து லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. கல் ஏற்றிய லாரியும் பள்ளிக்கூடத்துச் சைக்கிளும் ஒரே சந்தியில் ஒரே சமயத்தில் திரும்புகின்றன. பள்ளி கூடும் வேளையிலும் விடும் வேளையிலும் லாரிகளை நிறுத்தி வைக்கவேண்டும் என்பது அங்குள்ள பெற்றோரின் வெகுநாளைய கோரிக்கை. இதற்குப் பாலம் வேண்டாம், பணம் வேண்டாம். ஓர் உத்தரவும், அதைத் தினந்தோறும் அமல் நடத்த இரண்டு போலீஸ்காரரும் போதும். "தினந்தோறும்" என்பதுதான் அதில் கஷ்டமான வார்த்தை.

அரியலூர் என்றதும் வயதானவர்களுக்கு வேறொரு ஞாபகம் வரும். 1956-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி விடியுமுன், மருதையாற்று வெள்ளத்தில் பாலம் தளர்ந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி, பாலத்தை அவரா கட்டினார், மழையை அவரா பெய்வித்தார்? ஆயினும் பொறுப்பு தம்முடையது என்று ராஜிநாமா செய்துவிட்டார். தேசம் முழுவதும் அந்தச் செய்கையைப் போற்றியது, இன்றும் போற்றுகிறது.

மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கின்படி 2022-ஆம் வருஷத்தில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர் ஆகிறது. மூன்று நாளைக்கு 147. ஆகவே, நம்முடைய ராஜ்யத்தில் மூன்று நாளைக்கு ஒரு தடவை ஓர் அரியலூர் ரயில் விபத்து நடந்துகொண்டிருக்கிறது. ஒரே இடத்தில் நடக்காமல் ஒவ்வொரு சந்தியிலும் ஒவ்வொருவராக நடப்பதால், பத்திரிகையில் நாலு வரியோடு போய்விடுகிறது. யாரும் ராஜிநாமா செய்யவேண்டுமென்று நான் கேட்கவில்லை. செய்தால் மூன்று நாளைக்கு ஒரு மந்திரி வேண்டியிருக்கும். ஒரு சந்தியில் ஒருவர் இறந்தால், மறுநாள் காலையில் ஓர் எஞ்சினீயர் அங்கே வந்து நின்று, ஏன் இறந்தார் என்று தரையைப் பார்க்கவேண்டும், அவ்வளவே. இப்போது நாம் பார்ப்பது சாரதியின் லைசென்ஸை மட்டுந்தான்.

சிறுவாச்சூர் போன்ற இடத்துக்கு மேம்பாலமோ சுரங்க வழியோதான் முற்றான பரிகாரம் என்பதில் சந்தேகமில்லை. ஊர்க்காரர்கள் அதைக் கேட்டு வந்தது முழுக்க நியாயம். ஆனால் பாலம் என்பது வருஷக் கணக்கில் வருகிற விருந்தாளி. அது வரும்வரையில் திங்களும் வெள்ளியும் வந்துகொண்டுதானே இருக்கும்? அன்று ஓரத்தில் நின்ற இருபது நிமிஷத்தில் எனக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறேன். பஸ் நிற்கும் இடத்தைச் சந்தியைத் தாண்டி ஐம்பது கஜம் முன்னே தள்ளவேண்டும். அப்போது கடப்பவர்கள் பஸ்ஸின் பின்புறமாகக் கடப்பார்கள், வருகிற வண்டிகளும் அவர்களைக் காணும். இடைவெளிக்கு இருபுறமும் அரளியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடவேண்டும். இரவில் நல்ல வெளிச்சம் வேண்டும். திட்டில் பத்துப் பேர் அச்சமின்றி நிற்க இடம் வேண்டும். சந்திக்கு வெகு முன்பாகவே சாலையில் வரிவரியாய்ச் சிறு மேடுகள் போட்டு, தூங்குகிற சாரதியையும் தட்டி எழுப்பவேண்டும். நடைமேம்பாலம் என்று இரும்புப் படிக்கட்டு ஒன்றைக் கட்டிவிட்டு, "ஏறிப் போகாதது ஜனங்களின் குற்றம்" என்று சொல்வதை மட்டும் தயவுசெய்து செய்யவேண்டாம். என் அத்தை ஏறமாட்டாள். முழங்கால் ஏறவிடாது.

போலீஸார் வைக்கும் இரும்புத் தடுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேகத்தைத் தணிக்க அவை உதவுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் தானம் செய்த நகைக்கடையின் பெயர் ஒரு முழ உயரத்திலும், "மெதுவாகச் செல்லவும்" என்பது ஒரு விரற்கடை உயரத்திலும் எழுதப்பட்டிருப்பதைப் பல இடங்களில் காண்கிறேன். சாரதி எதைப் படித்துக்கொண்டு வருவான்?

விபத்து நேர்ந்த பிறகு செய்யக்கூடிய காரியத்தில் நம் ராஜ்யம் சிறிது முன்னேறியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் ஆரம்பிக்கப்பட்ட "நம்மைக் காக்கும் 48" திட்டப்படி, அடிபட்டவர் எந்த ராஜ்யத்தவராயினும், முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் அப்படியே. அடிபட்டவரை எடுத்துச் செல்கிறவர் போலீஸுக்குப் பயப்படவும் அவசியமில்லை. 2016-இல் சுப்ரீம் கோர்ட்டு அங்கீகரித்து, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்ட விதிப்படி, நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்கு வராது; அவர் விரும்பாவிட்டால் பெயர்கூடச் சொல்லவேண்டியதில்லை. இதை வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். "நமக்கேன் வம்பு" என்று நகர்ந்துவிடுவதனால் போகும் உயிர்கள் கொஞ்சமல்ல.

அன்று நாங்கள் எப்படிக் கடந்தோம் என்றுதானே கேட்கிறீர்கள்? சட்டமும் உதவவில்லை, தடுப்பும் உதவவில்லை. இருபது நிமிஷம் கழித்து, சிமெண்டு மூட்டை ஏற்றிய ஒரு லாரி எங்களுக்கு முன்னே தானாகவே நின்றது. சாரதி சிறு பையன். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டிப் பின்னால் வருகிறவர்களை நிறுத்திக்கொண்டு, "வா பாட்டி, மெதுவா வா" என்றான். முப்பது பேரும் டிராக்டரும் அந்த ஒரு கைக்குப் பின்னால் கடந்தோம். அத்தை நடுச்சாலையில் நின்று, முந்தானையில் முடிந்து வைத்திருந்த குங்குமப் பொட்டலத்தை அவனிடம் கொடுக்கப் போனாள். பின்னாலிருந்த கார்க்காரர் ஹாரனை அமுக்கிய அமுக்கில் பொட்டலம் கீழே விழுந்துவிட்டது.

"அடுத்த திங்கட்கிழமை அவனுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே அத்தை மறு கரை ஏறினாள். எங்களுக்குப் பின்னால், பஸ் ஒன்று மறுபடியும் சரியாக அந்த இடைவெளியின் வாயிலிலேயே வந்து நின்றது.