கண்ணாடிச் சுவர் யாருக்காக?

புதிய ஓட்டல் அறைகளில் குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்துவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. தண்ணீர்க் குழாய்கள் பெரும்பாலும் நடைபாதையை ஒட்டி இறங்குவதால் குளியலறை வாசல் பக்கம் ஒதுங்கிவிடுகிறது, ஜன்னலோ எதிர்க்கோடியில். கண்ணாடி வைத்தால் பகல் வெளிச்சம் உள்ளே வரும், சின்ன அறையும் விசாலமாகத் தெரியும். சரி, அந்த அறையில் தங்குவது யார் என்று பார்க்க வேண்டாமா? நம் ஊரில் தம்பதியர் மட்டுமா அறை எடுக்கிறார்கள்? கல்யாணத்துக்கு வந்த அம்மாவும் மகனும், சிகிச்சைக்கு வந்த அப்பாவும் மகளும், கம்பெனி அனுப்பிய இரண்டு ஊழியர்களும் அங்கேதான் தங்குகிறார்கள். ஒருவர் குளித்து முடிக்கும்வரை மற்றவர் வெளியே போய் நிற்கும்படி வைப்பது விருந்தோம்பல் ஆகாது.

திரை இருக்கிறதே என்பார்கள். திரையை ஏற்றி இறக்கும் பொத்தான் கட்டில் பக்கத்தில் இருந்தால், உள்ளே இருப்பவரின் மறைவு வெளியே இருப்பவர் கையில். மங்கல் கண்ணாடியிலும், உள்ளே விளக்கெரிந்தால் உருவம் நிழலாகத் தெரியும். மின்சாரம் பாய்ந்தால் தெளிந்து, நின்றால் மங்கும் கண்ணாடி பார்வையை மறைக்கும். ஆனால் கதவின் அடி இடுக்கு வழியே வரும் சத்தத்தை என்ன செய்ய? நள்ளிரவில் ஒருவர் எழுந்து விளக்கைப் போட்டால் அறை முழுக்க வெளிச்சம், மற்றவர் தூக்கம் போச்சு. வெளிச்சம்தான் தேவையென்றால் சுவரைக் கட்டி, தலைக்கு மேலே ஒரு கண்ணாடிப் பட்டை வைத்தால் போதும். ஏற்கெனவே கண்ணாடிச் சுவர் கட்டிவிட்ட ஓட்டல்கள், முன்பதிவுப் பக்கத்தில் ஏசி, வைஃபை வரிசையிலேயே இதையும் எழுதட்டும்.