ஃபார்மட் போட்டுரலாம் சார்!

வீட்டுல கம்ப்யூட்டர் வச்சிருக்கிற எல்லாருக்கும் இந்த மந்திரம் தெரியும். மவுஸ் நகரலையா? ஃபார்மட். பிரிண்டர் பேப்பரைத் திங்குதா? ஃபார்மட். விட்டா கரண்ட் போனதுக்கும் ஃபார்மட் போட்டுருவாங்க. நானும் இதைச் சொல்லிச் சிரிச்சிட்டு இருந்தவன்தான். 2025 மே மாசத்துக்கு அப்புறம் சிரிப்பு வரலை.

மேற்கு மாம்பலத்துல, அயோத்தியா மண்டபத்துலேர்ந்து ரெண்டு தெரு தள்ளி அக்கா வீடு. அக்கா பொண்ணு அனிமேஷன் படிக்கிறா. பிளெண்டர்ல ரெண்டு நிமிஷப் படம் ஒண்ணு, மூணு மாச உழைப்பு. கம்ப்யூட்டர் சாதாரணமா நல்லா ஓடும், பாட்டு பாடும், படம் காட்டும். ரெண்டர் போட்டா மட்டும் பத்தாவது நிமிஷம் பொட்டுனு அணைஞ்சிரும். நீலத் திரை கிடையாது, எர்ரர் மெசேஜ் கிடையாது. ஃப்யூஸ் போன மாதிரி இருட்டு.

சர்வீஸ் ஆள் வந்தார். ஈவண்ட் வியூவரைத் திறந்து, 'கெர்னல்-பவர் 41, கிரிட்டிக்கல்'னு சிவப்பா இருந்ததைக் காட்டி, "பாருங்க, விண்டோஸ் கரப்ட்"னார். அக்கா எனக்கு போன் பண்ணாங்க. ஆபீஸ்ல ஆணி பிடுங்கிட்டு இருந்த நான், "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்"னுட்டேன். இந்தப் பதிவுல முதல் குற்றவாளி நான்தான், எழுதிக்கோங்க.

அந்த 41-க்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'போன தடவை என்னை ஒழுங்கா ஷட்டவுன் பண்ணாம நிறுத்திட்டாங்க'ன்னு விண்டோஸ் எழுதி வச்ச குறிப்பு. அவ்வளவுதான். ஏன் நின்னுச்சுன்னு அதுக்கே தெரியாது. அடிபட்டு விழுந்தவன் 'நான் விழுந்துட்டேன்'னு சொன்னா, அவன்தான் அடிச்சான்னு கேஸ் எழுதற கதை இது.

ஃபார்மட் ஆச்சு. டெஸ்க்டாப்புல இருந்த மூணு மாசமும் போச்சு. பேக்கப் எடுக்கணுமான்னு ஒரு வார்த்தை கேக்கலை. எஸ்.எஸ்.டி. வேற. அதுல ஃபார்மட் போட்டதும் டிரிம்னு ஒரு கட்டளை போய் பழைய இடத்தையெல்லாம் காலின்னு சொல்லிடும். பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுத் தோண்டி எடுக்கற வேலை பெரும்பாலும் நடக்காது. நான் தோண்டிப் பார்த்தேன். ஒண்ணும் வரலை.

அன்னிக்கு ராத்திரியே புது விண்டோஸ்ல ரெண்டர் போட்டா. பத்தாவது நிமிஷம், பொட்டு.

ஞாயித்துக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோட போனேன். ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ போட்டு ரெண்டர் நேரத்துச் சூட்டைப் பார்த்தா, ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் 70 டிகிரி கிட்டதான். அக்னி நட்சத்திரத்துக்கு அது ஒண்ணுமே இல்லை. சூடு இல்லைன்னா கரண்ட். கேபினட்டோட 'இலவசமா' வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழட்டினேன். கொட்டை எழுத்துல 600 வாட்னு போட்டிருக்கு. கீழ பொடி எழுத்துல, 12 வோல்ட் லைன்ல 18 ஆம்ப். பெருக்கிப் பாருங்க: 216 வாட். ப்ராசஸரும் கார்டும் சோறு திங்கறது இந்த லைன்லதான். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டும் 170, ப்ராசஸர் 65. மொத்தம் 235. இதுல கார்டுக்கு வேண்டிய 8 பின் ஒயரே அந்த டப்பால கிடையாது. அசெம்பிள் பண்ணின புண்ணியவான் மோலெக்ஸ் கன்வெர்ட்டர் போட்டு ஒட்டு வேலை பார்த்திருக்கார். மெயில் பாக்கறப்போ சும்மா இருக்கற கார்டு ரெண்டர்ல முழுசா இழுக்கும். டப்பா கையைத் தூக்கிடும்.

நண்பன்கிட்ட நல்ல எஸ்.எம்.பி.எஸ். கடன் வாங்கி மாட்டி, ஃபர்மார்க் அரை மணி, ரெண்டர் ரெண்டு மணி. கல்லு மாதிரி நின்னுச்சு.

'அறுநூறு ரூபாய்க்கு வர்றவன்கிட்ட ஆராய்ச்சியா எதிர்பாக்கறே?'ன்னு பின்னூட்டம் வரும், தெரியும். ஆராய்ச்சி வேண்டாம் சாமி. "எப்போ அணையுது?"ன்னு ஒரு கேள்வி. லேபிளைப் படிக்க ஒரு நிமிஷம். ஃபார்மட்டுக்கு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரே! கண்டுபிடிக்க முடியலைன்னா 'தெரியலை'ன்னு சொல்றதுல என்ன கேவலம்? பெரிய ஆளுங்களுக்கே தடுமாற்றம் உண்டு. 2024-ல இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர் வச்சிருந்தவங்களுக்கு கேம்ல 'வீடியோ மெமரி போதலை'ன்னு எர்ரர் வந்துச்சு. எல்லாரும் கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டினாங்க. கடைசில ப்ராசஸருக்கு அளவுக்கு மீறி வோல்டேஜ் போனதுதான் காரணம்னு இன்டெல்லே ஒத்துக்கிட்டு, மைக்ரோகோட் மாத்தி, வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டிச்சுது. யாரும் 'உன் படத்தை அழிச்சுட்டேன், இப்ப சரியாயிருக்கும்'னு சொல்லலை.

216 வாட்டை 600-னு அச்சடிச்சு விக்கிறவங்களை என்ன சொல்றது? அரை லிட்டர் பால்னு கால் லிட்டர் ஊத்தினா பால்காரர் சட்டையைப் பிடிக்கிற நம்ம மாம்பலம், இதை மட்டும் 'ஃப்ரீயா வந்தது'ன்னு வாங்கிட்டு வருது.

புது எஸ்.எம்.பி.எஸ். நாலாயிரத்துச் சொச்சம். படத்தை முதல் ஃப்ரேம்லேர்ந்து திரும்பச் செஞ்சுட்டு இருக்கா. நேத்து அக்கா போன் பண்ணாங்க: எதிர் வீட்டு மாமா கம்ப்யூட்டர்ல சத்தம் வருதாம், அதே ஆள் வந்து உக்காந்திருக்காராம். செருப்பை மாட்டிட்டு ஓடினேன்.