மருந்துச் செலவும் மூளாய் காட்டிய வழியும்

குடாநாட்டு விவசாயி இன்று அஞ்சுவது வெங்காய விலையின் வீழ்ச்சிக்கு மட்டுமன்று. வீட்டிலொருவர் நோயிற் படுத்துவிடுவாரோ என்பதற்கும் அஞ்சுகிறான். அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசமே. ஆயினும், அங்கே இல்லாத மருந்தை வெளியே வாங்கவும், காலந்தாழ்த்தவியலாத பரிசோதனையைத் தனியாரிடஞ் செய்விக்கவும் நேர்ந்தால், மனைவியின் காப்பும் சங்கிலியும் அடகுக்குப் போகின்றன. அண்மை ஆண்டுகளில் இந்நாட்டின் மருத்துவச் செலவில் ஐந்திலிரண்டு பங்குக்கு மேல் மக்கள் தம் மடியிலிருந்தே கொடுத்துவந்துள்ளனர். இலவச வைத்தியமென்று நாம் பெருமை பேசும் நாட்டின் நிலை இது!

மருந்துகளிற் பெரும்பகுதி கடல் கடந்து வருவது. ஆகவே 2022-இல் ரூபாய் சரிந்தபோது மருந்து விலையும் துள்ளி ஏறியது. ஆனால் விலைக்கு அணைகட்டும் வழி நமக்குத் தெரியாததன்று. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971-இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. இன்றியமையாத மருந்துகளைத் தெரிந்து, வணிகப் பெயரை விட்டுப் பொதுப்பெயரில், மொத்தமாக வாங்கினால் விலை குறையுமென அவர் காட்டினார். சந்தைக்குப் போகும் எந்த விவசாயிக்கும் விளங்கும் கணக்கு இது.

இதைவிட நெருங்கிய சான்று நம் வலிகாமத்திலேயே உண்டு. மானிப்பாயில் டாக்டர் கிறீன் 19-ஆம் நூற்றாண்டில் வளர்த்த வைத்தியப்பணி அமெரிக்க மிஷனின் கொடை. 1930-களில் மூளாயில் எழுந்த வைத்தியசாலையோ கூட்டுறவின் பயன். அந்நியர் ஆட்சியில், கல்வீடு அரிதாயிருந்த காலத்தில், ஊரவர் ஒன்றுகூடி அதைச் செய்தனர். பிற்காலத்தில், 2011-இல், தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தவர்கள் திரட்டிய நிதியால் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை அமைந்தது. நடந்தவருள் சிங்கள மக்களும் இருந்தனர் என்பதை மறைப்பது நன்றிகேடு.

இன்று வேண்டுவது இன்னொரு கட்டிடமன்று. வெளிநாட்டிலுள்ள நம் உறவினருக்கும் இதை உரிமையோடு சொல்லுகிறோம்: கல்வெட்டிற் பெயர் பொறிக்க வரும் ஆர்வம் தாதியின் சம்பளத்துக்கு வருவதில்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து மருந்தகமும் இரத்தப் பரிசோதனைக் கூடமும் நடத்தட்டும். விவசாயி அறுவடைக் காலத்திற் சந்தா கட்டட்டும். உத்தியோகத்தர் மாதந்தோறும் கட்டட்டும். வைத்திய நிபுணர்கள் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதைக் குறைந்த கட்டணத்துக்கு ஒதுக்கவும், மருந்தின் பொதுப்பெயரை எழுதவும் இணங்கவேண்டும்.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 1987-ஆம் ஆண்டின் 13-ஆவது திருத்தம் சுகாதாரத்தையும் கூட்டுறவையும் மாகாண நிரலிலேயே வைத்தது. 2018 ஒக்டோபரில் வடமாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் தள்ளிப்போடப்பட்டமை பெருங் குற்றமே. ஆயினும் சபை வரும்வரை நோய் காத்திராது. கூட்டுறவு ஆணையாளரிடம் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்ய மாகாண சபை கூடவேண்டியதில்லை.

ஒரு நிபந்தனை உண்டு. இச்சங்கங்களின் கணக்கு மாதந்தோறும் மருந்தகச் சுவரில் ஒட்டப்படவேண்டும். நிர்வாக சபையிற் கட்சிக்காரர் எவரும், எம்மவர் உட்பட, அமரலாகாது.