வெக்கையும் பாம்பும்



சித்திரை நடுப்பகுதியில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது. வெக்கை தாங்காமல் விறாந்தையில் பாய் விரித்துப் படுக்கிறோம். நான் போய்வரும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி: "வெயில் கூடக்கூடப் பாம்பும் கூடுது, ஏன் பிள்ளை?"

பாம்பு, ஓணான், தவளை, ஆமை ஆகியவை குளிர்குருதிப் பிராணிகள். எங்கள் உடல் வெப்பம் ஏறக்குறைய 37 பாகை செல்சியசில் நிற்கும். கூடினால் வியர்த்துத் தணியும். பாம்புக்கு வியர்வை இல்லை. சுற்றாடல் சுட்டால் அதன் உடம்பும் சுடும். உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் பெரும்பாலான பாம்புகளுக்கு உயிராபத்து. ஆகவே அது இடத்தை மாற்றும், அல்லது நேரத்தை மாற்றும். பகலில் எலிவளை, கல்லிடுக்கு, கிடுகு அடுக்கு, விறகுக் குவியல், கிணற்றடி ஈரம் என்று ஒதுங்கும். இரவில் இரை தேடும். எங்களைக் கடிக்க வருவதில்லை. நாங்கள் தேடும் குளிர்ச்சியையே அதுவும் தேடுகிறது.

வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுச்சென்ற காணிகளுக்குத் திரும்பியவர்கள் இதை அறிவார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத காலத்தில் பற்றையும் இடிந்த சுவரும் பாம்புகளுக்கு நிழலாகின. துப்புரவாக்கும்போது முதலில் தடியால் தட்டுங்கள். விறகைச் சுவரோடு அடுக்காதீர்கள். சிந்திய தானியம் எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும்.

எட்டடி விரியன் என்றும் சொல்லப்படும் கட்டுவிரியன் இரவில் திரிவது; நிலத்தில் படுப்பவர்களையே அதிகம் கடிக்கிறது. வலி குறைவு, கடித்த அடையாளம் தெரியாமலும் போகலாம். காலையில் வயிற்றுவலி, கண்ணிமை சரிவு, விழுங்கக் கஷ்டம் இருந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கட்டில் இல்லாவிட்டால் நுளம்பு வலையைப் பாயின் கீழ் செருகிப் படுங்கள். இரவில் வெளியே போக ரோச் லைற் எடுங்கள்.

கடித்தால் இறுக்கிக் கட்டவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருங்கள். பாம்பைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். விஷமுறி மருந்து அரச வைத்தியசாலையில் இலவசம்.

வீட்டில் ஆண் துணையில்லை, வாகனமில்லை, விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். 2018 முதல் வடக்கிலும் இலவச அம்புலன்ஸ் சேவை உண்டு. அதன் இலக்கம் 1990. இடம்பெயர்ந்த அந்த ஆண்டை நாங்கள் மறக்கப்போவதில்லை. இந்த இலக்கத்தையும் மறக்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.