பொம்மைக்குப் பூட்டு எதற்கு?

நம் மத்தியதரக் குடும்பங்களில் பொம்மைக்கு இருக்கிற மரியாதை குழந்தைக்கு இல்லை. இப்படிச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். வரட்டும். தங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியை ஒரு தரம் பார்த்துவிட்டு, பிறகு என்னோடு சண்டைக்கு வரட்டும்.

புதுப் பொம்மை வந்த அன்று நடப்பது நமக்குத் தெரியாததா? பெட்டிக்குள் ரிமோட் கார். அப்பா பெட்டியைப் பிரிக்கிறார். அப்பாவே பேட்டரி போடுகிறார். அப்பாவே ஓட்டியும் காட்டுகிறார். "தொடாதே, விலை தெரியுமா?" என்ற மந்திரம் நடுநடுவே ஒலிக்கிறது. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அரைமணி கழித்துக் கார் அலமாரிக்குள் சிறை புகுகிறது. பெண் குழந்தைக்கோ அந்த அரைமணியும் இல்லை. அவளுக்குச் சொப்புச் சாமான்!

ஆவடியை அடுத்த பருத்திப்பட்டிலும் இதே கதைதான் என்றால் எனக்குத் தாங்கவில்லை. கூப்பிடு தூரத்தில் கனரக வாகனத் தொழிற்சாலை. நம் நாட்டின் விஜயந்தா டாங்கி 1965-ல் அங்கிருந்துதான் வெளிவந்தது. இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிச் சோறு தின்கிற வட்டாரம் ஐயா அது! பகலெல்லாம் டாங்கியைப் பிரித்துப் பூட்டும் கை, பையன் பொம்மைக் காரில் ஒரு திருகாணியைத் திருகியதற்காக அவன் முதுகில் விழலாமா?

1878-ல் அமெரிக்காவில் மில்டன் ரைட் என்ற பாதிரியார் தம் பிள்ளைகளுக்குப் பறக்கும் பொம்மை ஒன்று வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, காகிதம், முறுக்கிவிட ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். சில நாளில் அது உடைந்தது. 11 வயது வில்பரும் 7 வயது ஆர்வில்லும் அதைப் போலத் தாங்களே செய்து பறக்கவிட்டார்கள். பெரிதாகச் செய்தால் பறக்க மறுக்கிறதே, ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய விமானம் பறந்தது 1903-ல். அந்தப் பாதிரியார் வீட்டில் கண்ணாடி அலமாரி இல்லாதது உலகத்தின் அதிர்ஷ்டம்!

"எல்லாப் பிள்ளைகளும் ரைட் சகோதரர்கள் ஆகிவிடுவார்களோ?" என்று கேட்பீர்கள். ஆக வேண்டாம். காருக்குள் இருக்கும் குட்டி மோட்டாருக்குப் போகிற இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பொருத்தினால், முன்னே போகச் சொன்ன கார் பின்னே போகும். இதைத் தன் கையால் கண்ட குழந்தை எந்தப் பெட்டியைக் கண்டும் மிரளாது. நான் கேட்பது அந்தத் தைரியத்தைத்தான்.

ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே மோசம். பேட்டரி மூடிக்குத் திருகாணி வைப்பது அதற்காகத்தான். 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகியிருப்பதும் நல்லதே. ஆனால் ஆபத்துக்கு மருந்து அலமாரிப் பூட்டல்ல; பெரியவர் பக்கத்தில் உட்காருவது.

காசு விரயம் என்பவர்களுக்கும் பதில் உண்டு. நுங்கு வண்டிக்கு என்ன செலவு? கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் கொண்டே விஞ்ஞானம் சொல்லித்தரும் பொம்மைகள் செய்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆகவே, அலமாரியைத் திறவுங்கள். பையனோடு பெண்ணையும் கூப்பிட்டு அவள் கையில் திருப்புளியைக் கொடுங்கள். மறுபடி பூட்டும்போது ஒரு திருகாணி மிஞ்சும். மிஞ்சட்டுமே! அது எங்கே இருந்தது என்று அவள் தேடட்டும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு பார்த்திருங்கள்.